எட்டாம் மாடியின் மூன்றாவது கண்ணாடி

கண்ணாடி துடைக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை உண்டு. தாங்கள் செய்த வேலை யார் கண்ணிலும் படக்கூடாது. சமைத்தவர் சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தைத்தவர் போட்டுக்கொண்டவரைச் சுற்றிச் சுற்றி வருவார். கண்ணாடிக்காரிக்கோ, "இங்க கண்ணாடி இருக்கா என்ன?" என்று யாராவது கையை நீட்டித் தொட்டுப் பார்த்தால்தான் அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். பதினோரு வருடமாக அந்தப் பதிமூன்று மாடிக் கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் கர்வம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கையில் வேலை இருக்கிறவளுக்குக் கர்வம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

தொங்குவது என்றால் கயிற்றில் அல்ல. மொட்டை மாடியிலிருந்து இரண்டு கம்பிகளில் இறங்கும் நீளமான இரும்புத் தொட்டில். ஊஞ்சல் என்பார்கள். ஒரு முனையில் அவள், மறு முனையில் அவளுடைய நாத்தனார். மேலே மோட்டாரை இயக்குகிற மோட்டார்காரர், உயரம் என்றாலே தலை சுற்றுகிற ஆசாமி. விளிம்புக்கு வராமலே பதினோரு வருடம் ஓட்டிவிட்டார். நாத்தனாருக்கு வானொலி என்று பெயர் வைத்ததும் அவர்தான். காலையில் ஊஞ்சலில் கால் வைத்ததும் தொடங்குகிற பேச்சு, கால் தரையில் பட்ட பிறகும் ஓயாது. கண்ணாடிக்காரி அதில் பாதியைக் காதில் போட்டுக்கொள்வாள். மீதி காற்றோடு போகும்.

கட்டடத்தின் ஒரு பக்கம் ஏரியைப் பார்த்திருந்தது. ஏரிமுகம் என்று அதற்குப் பெயர். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்பதால் அதை மட்டும் வாரம் தவறாமல் துடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஊஞ்சல் எட்டாம் மாடிக்கு இறங்கும். அங்கே ஒரு வகுப்பறை. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், வேலைக்குப் போவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதுகிற இடம். லிஃப்ட் இயக்குகிறவர், நகல் எடுக்கும் கடைப் பெண், கட்டடத்துக் காவலாளிகள் இரண்டு பேர், இன்னும் பதினைந்து பேர். எல்லாரும் பெரியவர்கள். சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கண்ணாடிகள் திறக்காதவை. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. ஆசிரியையின் உதடு அசையும், சாக்கட்டி நகரும், எல்லாரும் சிரிப்பார்கள். வெளியே காற்றும் வானொலியும் மட்டும்தான். தண்ணீருக்கு அடியில் நடக்கிற வகுப்பு போல இருக்கும் அது.

கரும்பலகையில் முதலில் அவள் பார்த்த வார்த்தை 'வாழிடம்'. பக்கத்தில் ஒரு குளம், ஒரு மரம், மரத்தில் ஒரு கூடு. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். வா-ழி-டம். கீழே எழுதியிருந்தது: ஓர் உயிரினம் உணவும் நீரும் மறைவிடமும் கண்டு வாழும் இடம். அட, இவ்வளவுதானே என்று தோன்றியது. தெரிந்த விஷயத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அன்று முழுவதும் அந்தப் பெயரை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தாள்.

அடுத்த செவ்வாயும் மூன்றாவது கண்ணாடிக்கு வந்ததும் கை தானாக மெதுவானது. பலகை நேராகத் தெரிவது அங்கிருந்துதான்.

"அண்ணி, அந்தக் கண்ணாடியை மூணாவது தடவை துடைக்கிறீங்க. கரைஞ்சு போயிடப் போகுது."

"மூலையில அழுக்கு."

"அழுக்கு உள்ளே, பலகையில இருக்கு போல."

வானொலிக்கு வாய் மட்டும்தான் பெரிது என்று நினைத்தால் தப்பு. கண்ணும் பெரிது.

மூன்றாவது வாரம் ஒரு காரியம் நடந்தது. பலகை இடம் மாறியிருந்தது. சுவரோரம் இருந்ததை யாரோ இழுத்து ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எழுத்தும் பெரிதாகிவிட்டது. ஆசிரியை வெளியே திரும்பிப் பார்க்கவில்லை, கையசைக்கவில்லை, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி கண்ணைத் துடைக்கப் போய் சோப்புக் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த கண்ணீருக்கு சோப்பின்மேல் பழியைப் போட வசதியாகப் போயிற்று.

வாரத்துக்கு மூன்று வார்த்தை, நான்கு வார்த்தை. இரை. இரைகொல்லி. உணவுச் சங்கிலி. தகவமைப்பு. ஒட்டுண்ணி. அவள் அவற்றை ஊஞ்சலிலேயே உபயோகித்துப் பார்த்தாள்.

"புல் உற்பத்தியாளர். புல்லைத் தின்கிற வெட்டுக்கிளி முதல்நிலை நுகர்வோர். வெட்டுக்கிளியைத் தின்கிற தவளை ரெண்டாம் நிலை."

"அப்ப எங்க அண்ணன்?"

"உங்க அண்ணன் எந்த நிலைன்னு நான் சொல்லித் தெரியணுமா? தட்டைப் போட்டு உட்கார்ந்தா எழுந்திருக்கிறாரா?"

"மோட்டார்காரர்?"

இருவரும் மேலே பார்த்தார்கள். விளிம்புக்கு அப்பால் மெல்லுகிற சத்தம் கேட்டது. இருவருடைய மதியச் சாப்பாட்டுப் பையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. "ஒட்டுண்ணி," என்றாள் கண்ணாடிக்காரி. வானொலி சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் ஆடியது.

ராத்திரி கண்ணை மூடினால் வார்த்தைகள் வரும். பாசி படிந்த வார்த்தைகள், செதில் வைத்த வார்த்தைகள், ஏரித் தண்ணீருக்குள் மெல்லத் திரும்புகிறவை. காலையில் எழுந்தால் உலகம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. வாசல் வேலியில் சிலந்தி வலையைப் பார்த்தால் வெறும் சிலந்தி வலையாகத் தெரியவில்லை. யாரோ அவளுக்கென்று ஒரு கண்ணாடியைத் துடைத்து வைத்தது போல் இருந்தது.

மழை நின்று பனி தொடங்கிய செவ்வாயில் பலகை முழுக்க ஒரே படம். மேலே பனிமலை, கீழே கடல், நடுவில் நீலச் சாக்கட்டியில் ஒரு ஏரி. மலையிலிருந்து ஏரி வழியாகக் கடலுக்கு அம்புக்குறிகள், அவற்றின்மேல் சின்னச் சின்னப் பறவைகள். வலசை, என்று எழுதியிருந்தது. பருவம் மாறும்போது உயிரினங்கள் கூட்டமாக ஓரிடத்தை விட்டு நெடுந்தூரம் போய், பிறகு திரும்பி வருவது. அதற்கும் கீழே: நம் ஏரியைக் கடக்கும் காலம், நான்கு வாரம்.

வலசை. அந்த வார்த்தையை அவள் கழுத்துச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டு அலைந்தாள். எத்தனை ஆயிரம் மைல், ஒரு கைப்பிடி உடம்பு, ராத்திரியெல்லாம் பறந்து விடியலில் இந்த ஏரியைப் பார்த்து இறங்குகிறதாமே. யாராவது வந்து வழி சொல்கிறார்களா, கூட்டிப் போகிறார்களா? ஒன்றுமில்லை. உள்ளே எழுதி வைத்திருக்கிறது, போகின்றன.

அடுத்த செவ்வாய் ஏரியின்மேல் மூடுபனி. ஊஞ்சல் பஞ்சுக்குள் இறங்குவது போல இறங்கியது. எட்டாம் மாடியை முடித்து ஏழாம் மாடிக்கு வந்திருந்தார்கள். ஒரு கண்ணாடியைப் பளிச்சென்று வழித்து முடித்து, அடுத்ததில் நுரையைப் பூசிவிட்டு ரப்பர் கட்டையை எடுத்தாள். பட்டென்று ஒரு சத்தம். அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, துடைத்த கண்ணாடியில். ஏதோ ஊஞ்சலின் தரையில் விழுந்தது.

பச்சையும் மஞ்சளுமாக ஒரு சின்னப் பறவை. வானொலி கையில் எடுத்தாள். "சூடா இருக்கு அண்ணி," என்றாள். அப்புறம் பேசவே இல்லை. வானொலி பேசாமல் இருந்தது கண்ணாடிக்காரிக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அப்போதே பனிக்குள்ளிருந்து ஒரு கூட்டம் வந்தது. நேராக நுரை பூசிய கண்ணாடியை நோக்கி வந்து, கைக்கெட்டும் தூரத்தில் சட்டென்று ஒரே வீச்சில் திரும்பி மேலே போய்விட்டது. இறக்கைக் காற்று அவள் கன்னத்தில் பட்டது.

பனி விலகத் தொடங்கியது. அவள் மெல்லத் திரும்பித் தான் துடைத்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஏரி இருந்தது. கரை மரங்கள் இருந்தன. வானம் இருந்தது. உணவும் நீரும் மறைவிடமும். வாழிடம். ஒரு கீறல் இல்லாமல், ஒரு கறை இல்லாமல், அவள் கையால் துடைத்து வைத்த வாழிடம். அதைப் பார்த்துத்தான் அது இறங்க வந்திருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் இந்தப் பருவத்தில் பெருக்குகிறவள் ஏரிமுகத்தின் அடியில் செத்த பறவைகளை முறத்தில் அள்ளுவதை அவள் பார்த்திருக்கிறாள். பாவம், களைத்து விழுகின்றன என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். பதினோரு வருடம்!

"நான்தான்," என்றாள்.

"நீங்க என்ன, கல்லா எறிஞ்சீங்க?"

"கல்லை எறிஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டோட போயிருக்கும்."

அன்று அவள் அழுதது சோப்பினால் அல்ல. தன் கையையே பார்த்துப் பார்த்து அழுதாள். ஊரே மெச்சிய கை.

மறுநாள் காலை ஒரு வாளியில் வெள்ளைப் பொடியைச் சோப்போடு குழைத்தாள். அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாகக் கோடு. உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டு அடுத்த கோடு. அந்த இடைவெளிக்குள் நுழையப் பறவைக்குத் துணிச்சல் வராது என்று ஒரு கணக்கு. மூன்று நாளில் ஏரிமுகம் முழுவதும் வரிவரியாகிவிட்டது. "வேலையைக் கெடுக்கிறதுக்கு இவ்வளவு வேலையா?" என்று அங்கலாய்த்துக்கொண்டே வானொலியும் போட்டாள். அவளுடைய கோடுகள்தான் நேராக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லாக் கண்ணாடியிலும் போட்டார்கள். ஒன்றைத் தவிர.

எட்டாம் மாடியின் மூன்றாவது கண்ணாடிக்கு வந்தபோது தூரிகையை வாளியிலேயே வைத்துவிட்டாள். அதை மறைத்தால் பலகை போய்விடும். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே பள்ளிக்கூடம் அந்த மூன்றடி அகலம்தான். கட்டடம் முழுக்க இத்தனை கண்ணாடி, இதில் ஒன்றே ஒன்று. ஒன்றில் என்ன ஆகிவிடப் போகிறது? வானொலி அவளைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

பெருக்குகிறவளின் முறம் காலியாக வரத் தொடங்கியது. திங்கட்கிழமை கட்டடத்தின் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

மேலாளர் கெட்டவர் அல்ல. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர், அதனால் சத்தம் போடுகிறவர். "கட்டடமா, சிறைச்சாலையா இது? நாளைக்கு ஒன்பது மணிக்கு உரிமையாளருங்க வர்றாங்க. என்னம்மா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அந்த வார்த்தைகளை வானொலியைத் தவிர யாரிடமும் அவள் சொன்னதில்லை. யார் வாயிலிருந்தும் கேட்டதுமில்லை. இந்த மேசைக்கு முன்னால் அவற்றைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று கூசிப்போய் நின்றாள்.

"ஒன்பது மணிக்கு ஏரிமுகம் பளபளன்னு இருக்கணும். இல்லேன்னா ஊஞ்சலைக் கழட்டி எடுத்துக்கிட்டு கிளம்புங்க. வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை. ஏழரை மணிக்கு ஊஞ்சல் எட்டாம் மாடியில் நின்றது. இரண்டு வாளி நல்ல தண்ணீர், ஒரு வாளி நுரை, மிஞ்சிய வெள்ளைக் குழம்பும் தூரிகையும். கோடுகளை அழிக்க வந்தாளா, காக்க வந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது கண்ணாடி வழியாகப் பலகை தெரிந்தது. 'திரும்புதல்' என்று புது வார்த்தை. ஆசிரியை அம்புக்குறியைக் கடலிலிருந்து மலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பறைக் கதவு திறந்து மேலாளர் உள்ளே வந்தார். ஜன்னலுக்கு நேராக வந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. மீன் தொட்டிக்குள் பெரிய மீன் வாயைத் திறந்து மூடுவது போல இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

சத்தம் இல்லாததால்தான் அவளுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். பக்கத்துக் கண்ணாடியில் நுரையைப் பூசி, விரலால் எழுதினாள். வலசை.

உள்ளேயிருந்து பார்க்கிறவர்களுக்கு அது இடவலமாக மாறித் தெரியும் என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது. மேலாளர் தலையைச் சாய்த்தார், குனிந்தார், ஒன்றும் புரியவில்லை. ஆசிரியைக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. திரும்பிப் பலகையில் அதே வார்த்தையை எழுதினார். கண்ணாடிக்காரி அடுத்ததை எழுதினாள். அதுவும் பலகைக்கு வந்தது. பறவை. கண்ணாடியில் ஏரியைப் பார்க்குது. மோதிச் சாகுது. நாலு வாரம் மட்டும். அப்புறம் துடைச்சுத் தர்றேன். எழுத இடம் போதாமல் வானொலியின் கண்ணாடி வரை போய்விட்டாள். லிஃப்ட் இயக்குகிறவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். காவலாளிகள் இருவரும் எழுந்தார்கள். தங்கள் மேலாளருக்கு எதிரில் அவர்கள் அப்படி எழுந்து நின்று அவள் பார்த்ததில்லை.

மேலாளர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு வெளியே ஏரியைப் பார்க்க வேண்டும் போலிருந்ததோ என்னவோ, கோடில்லாத கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்.

பட்.

அவர் மூக்குக்கு நேராக. இந்தத் தடவை உள்ளேயும் கேட்டிருக்க வேண்டும், எல்லாரும் அதிர்ந்தார்கள். மேலாளர் இரண்டு அடி பின்னால் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சின்ன இறகையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெல்லக் கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். நாலு வாரம். அதற்கு மேல் ஒரு நாள் கூடாது என்பது போல் விரலை ஆட்டவும் மறக்கவில்லை.

உரிமையாளர்களிடம் அவர், ஏரிமுகத்துக்கு இது புதுப் பாணி அலங்காரம் என்று சொல்லிச் சமாளித்ததாகவும், அவர்கள் ரொம்ப நன்றாக இருப்பதாகத் தலையாட்டிவிட்டுப் போனதாகவும் பிற்பாடு காவலாளி சொன்னார். நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை.

வானொலி அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஜெயிச்சுட்டோம் அண்ணி!"

கண்ணாடிக்காரி கீழே குனிந்து அந்தப் பறவையை எடுத்தாள். அது மூச்சு விடவில்லை. ஏரிமுகம் முழுக்க அத்தனை கண்ணாடியிலும் கோடு. இந்த ஒன்றில் மட்டும் ஏரி. தெரியாமல் செய்தது பதினோரு வருடம். இது தெரிந்து செய்தது. அவள் படிப்பதற்காக விட்டு வைத்த மூன்றடி அகலத்தில் வந்து இது முடிந்திருக்கிறது.

அவள் அதைத் துணியில் சுற்றி வைத்தாள். தூரிகையை எடுத்தாள். உள்ளே ஆசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக நேருக்கு நேர். கண்ணாடிக்காரி இடது ஓரத்திலிருந்து கோடு போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பலகையில் கொஞ்சம் போயிற்று. மலை போயிற்று, கடல் போயிற்று, 'திரும்புதல்' துண்டு துண்டானது. மீதமிருந்த இடைவெளி வழியாகவும் படிக்க முடிந்துவிடுமோ என்று பயந்தவள் போல, கடைசியில் நுரையை அள்ளி முழுவதுமாகவே பூசிவிட்டாள்.

அடுத்த செவ்வாய் ஊஞ்சல் மொட்டை மாடியில் கவிழ்ந்து கிடந்தது. ஏரிமுகத்தைத் துடைக்கக் கூடாது என்றால் செவ்வாய் காலை அவளுக்கு வேலை இல்லை. அவள் தலைகீழ் வாளியின்மேல் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார்காரர் யாருடையதோ பையைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணி," என்றாள் வானொலி. "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவா? அந்த வகுப்புக்குக் கதவுன்னு ஒண்ணு இருக்கு."

"எனக்கு என்ன, அங்க போய்..."

"செவ்வாய்க்கிழமை காலையில வேலையும் இல்ல. வெறும் வாளியில உட்கார்ந்திருக்கிற உயிரினத்துக்கு என்ன பேரு? அதையும் கேட்டுட்டு வாங்க."

பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தின் எல்லா அறையையும் அவள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள்; லிஃப்டில் எட்டாம் மாடிக்குப் போனதில்லை. தாழ்வாரத்தில் சுவரை ஒட்டி நடந்தாள். கதவுக்கு வெளியே நின்றபோது ஆசிரியையின் குரல் கேட்டது. புல்லாங்குழல் மாதிரி இருக்கும் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தாள். பேருந்து நடத்துநர் மாதிரி கட்டைக் குரல்! சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே கதவைத் திறந்துவிட்டாள், இல்லையென்றால் திரும்பிப் போயிருப்பாள்.

வகுப்பு முழுவதும் திரும்பியது.

"வாங்க," என்றார் ஆசிரியை. மூன்றாவது ஜன்னலுக்கு நேரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு நோட்டும் பென்சிலும். "அங்கதான். அந்த இடம் உங்களுக்குன்னு ரொம்ப நாளா காலியா வச்சிருக்கோம். பலகையைத் திருப்பினதோட நானே வந்து கூப்பிட்டிருக்கணும். தப்பு என்மேலதான்."

அவள் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். கடைசியில் பூசிய நுரை காய்ந்து மறைந்திருந்தது; வெளியிலிருந்து தான் போட்ட கோடுகளை முதல் தடவையாக உள்ளேயிருந்து பார்த்தாள். வெயில் அவற்றின் வழியாக வந்து பெஞ்சின்மேலும் அவள் கைமேலும் வரிவரியாக விழுந்திருந்தது.

"போன வாரம் கண்ணாடியில முதல்ல எழுதின வார்த்தையை ஒருத்தர் சத்தமா சொல்லுங்க," என்றார் ஆசிரியை, அவளைப் பார்த்து.

அவள் எழுந்தாள்.

"வலசை," என்றாள்.

"வலசை," என்றது வகுப்பு முழுவதும். பத்தொன்பது குரல். அந்த வார்த்தைக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

அப்போது கோடுகளின் அந்தப் பக்கம் நிழல்கள் வந்தன. சின்னச் சின்ன நிழல்கள், நூற்றுக்கணக்கில், கண்ணாடிக்கு அருகில் வந்து மேலே திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துகொண்டே இருந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். கடைசி நிழலும் போயிற்று. கண்ணாடியில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.